மாமனார் பெயர் கொண்ட புரதம்

மானிட குலத்துக்கு ஒரு மகத்தான செய்தி: இன்று காலை பதினோரு மணிக்கு, மூன்றாம் மாடிக் கருத்தரங்கக் கூடத்தில், இதுவரை எவர் கண்ணிலும் படாத புரதம் ஒன்று உலகுக்கு அறிமுகமாகவிருந்தது. தலைமை, ஆய்வு நிலைய இயக்குநர். கண்டுபிடித்தவர், அவருடைய மருமகனான பேராசிரியர். புரதத்துக்குப் பெயரும் தயார்: மாமனாருடையது.

கண்டுபிடித்த கை என்னவோ ஆய்வு மாணவியுடையது. ஐந்து வருட உழைப்பு. பட்டத்துக்குப் பேராசிரியரின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. கல்லீரல், மூளை, சிறுநீரகம் என்று எந்தச் செல்லின் சாற்றைத் தாள் போன்ற சோதனைச் சவ்வில் ஏற்றி, தேடும் புரதத்தில் மட்டும் ஒட்டிக் கோடு காட்டும் புது ஆன்டிபாடியை ஊற்றினாலும், ஒரே இடத்தில், ஒரே தடிமனில் கறுப்புக் கோடு. தூணிலும் இருக்கிறது, துரும்பிலும் இருக்கிறது என்று பேராசிரியர் பரவசப்பட்டார்.

தூணிலும் துரும்பிலும் இருப்பதற்கென்றே ஏற்கெனவே ஒரு புரதம் உண்டு: ஆக்டின், செல்லின் எலும்புக்கூடு. சாறுகளைச் சம அளவில் ஏற்றினோமா என்று பார்க்க அந்த லேபில் முதலில் ஆக்டின் ஆன்டிபாடியைப் போடுவார்கள். பிறகு அதைக் கழுவி எடுத்துவிட்டு, அதே சவ்வில் அடுத்தது. கழுவ அரை மணி ஆகும். காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டவரான பேராசிரியர் ஐந்து நிமிடம் போதும் என்றிருந்தார்.

சந்தேகம் அரிக்கவே, மாணவி நேற்று புதுச் சவ்வில் புது ஆன்டிபாடியை மட்டும் போட்டுப் பார்த்தாள். இன்று காலை பத்தரை மணிக்கு அதன் படத்தைக் கொண்டுபோய் நீட்டினாள். வெள்ளை வெளேர்.

"ஒண்ணுமே வரல சார்."

ஆன்டிபாடி கெட்டுப்போயிருக்கும் என்றார் அவர், டையை இறுக்கியபடி. கெட்டுப்போனது பழைய சவ்வில் மட்டும் எப்படி வேலை செய்தது என்று கேட்டாள்.

"உனக்குப் பட்டம் வேணுமா, வேணாமா?"

வேண்டும். ஆகவே போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

பேராசிரியர் நாற்பது நிமிடம் பேசினார். அதில் பிரபஞ்சம் ஏழு முறை வந்தது. திரையில் தன் பெயரை ஆசைதீரப் பார்த்துவிட்டு இயக்குநர் கேட்டார்: "எல்லாம் சரி மாப்பிள்ளை, இதோட எடை என்ன?"

மாப்பிள்ளை தண்ணீர் குடித்தார். இரண்டாவது டம்ளரும் குடித்தார். இயக்குநர் மாணவி பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா."

மாணவி எழுந்தாள்.

"நாப்பத்திரண்டு கிலோ டால்டன் சார். ஆக்டினோட எடை. இது ஆக்டின்தான். சவ்வைச் சரியா கழுவல."

கூடத்தில் யாரோ இருமினார்கள். இயக்குநர் எழுந்து, தன் பெயரைத் திரையிலிருந்து எடுக்கச் சொன்னார்.

"உன் ஆய்வேட்டுல அந்த அத்தியாயத்தத் தூக்கிடும்மா. கையெழுத்து நான் போடறேன்."

சவ்வைச் சரியாகக் கழுவியிருந்தால் அரை மணி நேரம்தான் ஆகியிருக்கும்.