வாசலில் நின்ற கால்

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டு வாசலில், செருப்புகளோடு செருப்பாக அந்தக் கால் மழையில் நனைந்துகொண்டு நின்றது. பார்த்ததும் ஜெயந்தினிக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

அவள் டவுன் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். சீனி வியாதியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்த விஜயலெட்சுமிக்கு அந்தச் செயற்கைக் காலை மாட்டி, கம்பியைப் பிடித்து நடக்கப் பழக்கி அனுப்பியவள் அவள்தான். போன அம்மா கிளினிக் பக்கமே திரும்ப வரவில்லை. அதனால்தான் இவளே பஸ் ஏறி, சேற்றில் வழுக்கி வழுக்கி மேலே வந்திருந்தாள்.

எட்டிப் பார்த்தால், விஜயலெட்சுமி அடுப்படியிலிருந்து தவழ்ந்து வருகிறாள்.

"ஏன் தம்பி, கால் வெளிய நிக்குது?"

மகன் ரஜீவுக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை. "ரோட்டுல மிதிச்ச கால் மிஸ். சப்பாத்து வேற போட்டிருக்கு. சாமி படம் இருக்குற வீட்டுக்குள்ள எப்பிடிங்க? வெளிய போறப்ப மாட்டிக்குவாங்க."

ஒற்றை அறை லயத்தில் சாமிக்குச் சுவர், பெற்றவளுக்குத் தரை! ஜெயந்தினி விடுவிடென்று உள்ளே போய்க் குந்தி, அந்த மொட்டைக் காலைத் தடவிப் பார்த்தாள். முட்டி காய்த்துப்போய், மடங்கினபடியே இறுக ஆரம்பித்திருந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டால் நிமிராது. அதற்குப் பிறகு எந்தக் காலைக் கொடுத்தும் பிரயோசனமில்லை, ஆயுசுக்கும் தவழ வேண்டியதுதான்.

"நீங்க மலையிலேர்ந்து வந்து ஒங்க கால கழட்டி வாசல்ல வைக்கிறீங்களா? கழுவிட்டுத்தானே உள்ள வர்றீங்க? இதுவும் கால்தாங்க!" அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீடுகளெல்லாம் எட்டிப் பார்த்தன.

"கத்தாதீங்க மிஸ். அம்மாவே ஒண்ணும் சொல்லல, ஒங்களுக்கு என்ன?"

விஜயலெட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள். அது ஜெயந்தினியை இன்னும் எரித்தது. வாசலுக்குப் போய்ச் சப்பாத்தைக் கழற்றி எறிந்தாள். செம்புத் தண்ணீரை ஊற்றி, அந்த ரப்பர் பாதத்தைச் சேறு போகக் கழுவி, தன் துப்பட்டாவால் துடைத்துக் கொண்டுவந்து மாட்டினாள். இறுக்கமாகத்தான் ஏறியது. வலியில் விஜயலெட்சுமி பல்லைக் கடித்தாள்.

"எந்திரிங்கம்மா."

சுவரைப் பிடித்து எழுந்தாள். தள்ளாடினாள். பிறகு நின்றாள். மகனின் முகம் இப்போது அவள் முகத்துக்கு நேராக இருந்தது. அவன் கண்ணையே பார்த்தாள்.

"ஏன்டா, நான் தவழ்ந்து தவழ்ந்து தட்டத் தள்ளிக்கிட்டு வந்து வச்சேனே, அந்தச் சோறு ஒனக்கு எப்பிடிடா எறங்குச்சு?"