அருகிலுள்ள கடை தானாகத் தேர்வாகும்

1.

இந்தக் கதை எனக்குக் கம்பைநல்லூர் பேருந்து நிலையத்தில், ஒரு மளிகைக் கடைச் சுவரில் சாய்ந்து நின்றபோது கிடைத்தது. செல்பேசி ஆப்பில் கொத்தமல்லித்தூள் கேட்டேன். சற்று நேரத்தில் பின்னாலிருந்து தோளைத் தட்டி, "சார், ஆர்டர் உங்களுதுங்களா?" என்று பாக்கெட்டை நீட்டினார் கடைக்காரர். டெலிவரிக் கட்டணம் வேறு கட்டினேன். வெட்கம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

2.

முதல் முயற்சி: மணிமேகலைக்கு அன்று காலை மனம் சரியில்லை, ஏனென்றால் வானம்—

(வேண்டாம். எங்கள் மாவட்டத்தில் வானத்தை நம்பி எதையும் தொடங்கக் கூடாது.)

இரண்டாம் முயற்சி: மணிமேகலை வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி அவள் அண்ணன் நவநீதனின் மளிகைக் கடை. கடைத் திறப்புப் பத்திரிகையில் அவள் கணவன் பூவரசனின் பெயர் விட்டுப்போனது. அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. உப்புக்கும் புளிக்கும் அவள் ஆப்பைத்தான் தட்டினாள். சாமான் அரூரிலிருந்து வரும். அப்பளம் நொறுங்கியே வரும். வீம்புக்குத் தின்றால் நொறுங்கிய அப்பளமும் ருசிதான்.

3.

அந்த ஆப் நிறுவனத்தில் யாரோ ஒரு நல்லவர் இதைச் சரிசெய்துவிட்டார். இனி, மிக அருகிலுள்ள கடை தானாகத் தேர்வாகும். ஆப்புக்குத் தூரம் அளக்கத் தெரியும். யாருக்கு யாரோடு ஆகாது என்பது தெரியாது. (எழுதுகிறவனுக்கு மட்டும் என்ன தெரியும்? நானும் கைக்கெட்டியதைத்தான் கதை என்கிறேன்.)

மறுநாள் மணிமேகலையின் குழந்தை கனிமொழிக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். அவளுடைய ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவனின் மடிக்குப் பூவரசன் ஏற்பாடு செய்திருந்தான். அவளுக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. ஆனாலும் தலையாட்டிவிட்டு, பச்சரிசி, வெல்லம், தேங்காய், பழம் என்று ஆப்பில் தட்டினாள்.

(கடையின் பெயர் திரையில் பொடி எழுத்தில் வந்தது. அவள் கவனிக்கவில்லை என்று எழுதியிருந்தேன். இப்போது சந்தேகமாக இருக்கிறது. அரிசியில் கல் பொறுக்குகிற கண் அவளுக்கு.)

4.

சாமானோடு நவநீதனே வந்தான். டெலிவரிக்குக் கடையில் ஆள் உண்டு. கதை கெட்டுவிடும் என்று நான்தான் அந்த ஆளுக்கு விடுப்பு கொடுத்தேன். இதே அரிசியையும் வெல்லத்தையும் தாம்பாளத்தில் வைத்துக் கொண்டுவந்தால் தாய்மாமன் சீர். அட்டைப்பெட்டியில் வந்தால் ஆர்டர். அவன் கையில் இருந்தது அட்டைப்பெட்டி.

வாசலில் நின்று, செல்பேசியைப் பார்த்தபடியே, "ஓடிபி சொல்லுங்க," என்றான்.

சொல்லுங்க. சின்ன வயதிலிருந்து அவளை 'ஏ புள்ள' என்றே கூப்பிட்டவன். பத்திரிகையில் பெயர் விட்டதைக்கூட அவள் பொறுத்திருப்பாள். இந்த 'ங்க'தான் பொறுக்கவில்லை.

5.

முடிவு அ: அவள் எண்ணைச் சொல்கிறாள், அவன் போகிறான். (நிஜத்தில் இதுதான் நடக்கும். அதனாலேயே பிடிக்கவில்லை.)

முடிவு ஆ: "அண்ணா!" என்று கதறியபடி அவள் ஓடிப்போய்— (என் மானம் போகும்.)

ஆகவே இப்படி. "ஏழு," என்றாள் அவள். "ரெண்டு." கொஞ்சம் பொறுத்து, "ஒம்பது." அவன் விரல் திரைமேல் நின்றது.

"இன்னொன்னு?"

அவள் வாயைத் திறக்கவில்லை. அவன் பெட்டியை இறக்கி வைத்தான், போகவில்லை.

நான்காவது எண் எனக்குத் தெரியும். உங்களிடம் சொல்வதிலும் தடையில்லை. ஆனால் நீங்கள் வாய்தவறிச் சொல்லிவிட்டால் டெலிவரி முடிந்து அவன் போய்விடுவான். விடிந்தால் குழந்தைக்குக் காது குத்த வேண்டும்.