ஸ்லாவா நாளில் யாரையும் அழைப்பதில்லை

கோஸ் எடுக்கத்தான் காலையில் நிலவறைக்குப் போனேன். எங்கள் கட்டடத்தில் எல்லா வீட்டுக்கும் அங்கே ஒரு பீப்பாய் உண்டு. உப்புநீரில் புளிக்கிற கோஸின் நெடிக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் குனிய வேண்டும். குனிந்தேன். பீப்பாய்க்குப் பின்னால் யாரோ இருமினார்கள். டார்ச்சைத் திருப்பினால் ஓர் ஆள், மீசைக்காரன், நாற்பது வயதிருக்கும். நனைந்த ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தான். என்னைக் கண்டதும் இரண்டு கைகளையும் தூக்கினான். நான் கோஸும் எடுக்காமல் மேலே ஓடி வந்துவிட்டேன்.

என் கணவர் வுகாஷினிடம் சொல்லியிருக்க வேண்டும். எப்படிச் சொல்வது? குடியிருப்போர் சங்கத்துக்குத் தலைவரே அவர்தான். ஹங்கேரி எல்லையைத் திருட்டுத்தனமாகத் தாண்டப் போகிற அகதிகள் இலையுதிர் காலத்திலிருந்தே எங்கள் சோம்போர் ஊரில் கண்ட இடத்தில் ஒண்டுகிறார்கள். நிலவறையைச் சோதித்து, இருப்பவர்களை விரட்டி, பூட்டுப் போட வேண்டுமென்று கூட்டத்தில் முடிவாகிவிட்டது. புதுப் பூட்டு அவருடைய கோட்டுப் பையில் கிடந்தது. இன்று மதியத்துக்கு மேல் மாட்டப்போகிறார். வெளியே குழாய்த் தண்ணீரே உறைந்துபோகிற குளிர். அந்த இருமலோடு தெருவில் தள்ளினால் அந்த மனிதன் விடிகாலையைப் பார்க்கமாட்டான்.

அதுவும் என்ன நாளில்! எங்கள் குடும்பத்துக் காவலர் புனித நிக்கோலாஸின் நாள், எங்கள் ஸ்லாவா. பாதிரியார் வந்தார், மெழுகுவர்த்தி ஏற்றினோம், எல்லோருமாகக் கைபிடித்து ரொட்டியைச் சுழற்றினோம். அவர் பாடப்பாட என் காது தரையிலேயே இருந்தது. எங்கள் வீடு தரைத்தளம். நடுவில் ஒரு தடவை அந்த இருமல் கேட்டது. சட்டென்று நானும் இருமி வைத்தேன். வழிப்போக்கருக்கெல்லாம் துணை நிற்கிற புனிதர் சுவர்ப் படத்திலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உப்புப் போட்ட சூப்பிலேயே மறுபடி உப்புப் போட்டேன்.

பிறகு விருந்தாளிகள் வரத் தொடங்கினார்கள். ஸ்லாவாவுக்கு யாரையும் அழைப்பதில்லை, வருகிறவர்கள் வருவார்கள். வந்ததும் நின்றபடியே சிலுவை போட்டு, வேகவைத்த கோதுமையில் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டுக்கொள்வார்கள். கடைசி விருந்தாளி கிளம்பும்வரை வீட்டுக்காரர் உட்காரக்கூடாது. இதில் வுகாஷின் ஒரு இம்மிகூட விட்டுக்கொடுக்கமாட்டார். முட்டி வலி உயிரை எடுப்பதால், அவர் அப்பா மூன்று நாள் நடத்தியதை ஒரே நாளாகச் சுருக்கிக்கொண்டார், அவ்வளவுதான்.

மாடிவீட்டு தெசாங்கா கோதுமையைத் தின்றாள், மீனைப் புகழ்ந்தாள், அப்புறம் ஆரம்பித்தாள். நமக்கே ஆயிரம் தொல்லை, இதில் கண்டவனுக்கும் நாம் கூரை கொடுக்க வேண்டுமா, சீக்கிரம் பூட்டைப் போடுங்கள் என்றாள். மேசையைச் சுற்றி எல்லாத் தலையும் ஆடியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள்மேல் மட்டுமா? காலையிலிருந்து வாயைப் பொத்திக்கொண்டு மீன் பொரித்த என்மேலும்தான்.

இவர் கோட்டை எடுக்கக் கை நீட்டினார். போய்ப் பூட்டிவிட்டு வந்துவிடுகிறேன் என்றார். கோஸ் எடுக்க வேண்டும், நான் முதலில் போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். திரும்பி வரும்போது என் கையில் கோஸ் இல்லை, அந்த மனிதனின் சட்டைக் கை இருந்தது. காய்ச்சல் துணியைத் தாண்டிச் சுட்டது.

எல்லாத் தலையும் எங்கள் பக்கம் திரும்பியது.

"யாருடி இது?" என்றார் வுகாஷின்.

"விருந்தாளி."

"யார் கூப்பிட்டா?"

"இன்னிக்கு யாரை யார் கூப்பிட்டோம்? தெசாங்காவுக்கு நீங்க பத்திரிகை வச்சீங்களா?"

அதற்குள் அந்த மனிதன் வாசலில் இருந்த கோதுமைக் கிண்ணத்தைப் பார்த்துவிட்டான். எல்லோருக்குமான கிண்ணம். பாவம், அவனுக்கு என்ன தெரியும்? இரண்டு கையாலும் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு, எல்லோரும் தொட்ட அதே கரண்டியால் அள்ளி அள்ளித் தின்றான். கிண்ணத்தின் அடியைச் சுரண்டுகிற சத்தம் வரும்வரை நிறுத்தவில்லை. அப்புறம்தான் எல்லோரையும் பார்த்தான். ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று புரிந்து, கிண்ணத்தை மெதுவாகக் கீழே வைத்தான்.

தெசாங்கா எழுந்தாள். "இவனை வெளிய அனுப்புங்கண்ணே. இல்லன்னா நாங்க போறோம். சங்கத்துக்கும் வேற தலைவரைப் பாத்துக்கறோம்."

வுகாஷின் காது சிவந்துபோனது. என்னை முறைத்தார். கிண்ணத்தைப் பார்த்தார்.

"எங்கப்பா இந்த நாள்ல யாருக்கும் வாசலைக் காட்டினதில்ல," என்றார். "நானும் காட்டமாட்டேன். போறவங்க தானா போகலாம்." பிறகு என் பக்கம் திரும்பி, "கோதுமை இன்னும் இருக்கா?"

அது இரக்கமில்லை, வறட்டுப் பிடிவாதம். முப்பது வருஷமாக அதோடு மல்லுக்கட்டுகிறவளுக்குத் தெரியாதா? எதுவாக இருந்தால் என்ன, நான் கோதுமை எடுக்க ஓடினேன்.

அவர்கள் போய்விட்டார்கள். தெசாங்கா பின்னால் ஒவ்வொருவராக, மீனைப் பாதியில் வைத்துவிட்டு. அந்த மனிதன் சூப் குடித்தான், நான் கொடுத்த மாத்திரையை விழுங்கினான், ஹீட்டர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனான். வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. வுகாஷின் ஒற்றைக்காலில் எடையைப் போட்டு, சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். உட்காருங்களேன் என்றேன்.

"விருந்தாளி இருக்கான்ல."

"அவன் தூங்குறான்."

"தூங்கினா விருந்தாளி இல்லையா? மெதுவாப் பேசு."

நொண்டிக்கொண்டே போய்க் கோட்டை எடுத்தார். பையிலிருந்த பூட்டை எடுத்துக் கரண்டி டிராயரில் போட்டுவிட்டு, கோட்டை அவன்மேல் போர்த்தினார். ஆனாலும் காலையிலிருந்து அரித்துக்கொண்டிருந்தது விடவில்லை. இன்று சரி. மெழுகுவர்த்தி அணைந்தால் ஸ்லாவா முடிந்தது. காய்ச்சல் ஒரே நாளில் இறங்குமா?

"நாளைக்கு இவனை என்ன பண்றது?"

அவர் முட்டியைத் தேய்த்துக்கொண்டார்.

"எங்கப்பா மூணு நாள் நடத்துவார்," என்றார். "மீன் மிச்சம் இருக்கான்னு பாரு."