செல்லுக்குச் சாப்பாடு

“இந்த வருஷம் தீபாவளிக்கு வரேன் அண்ணி.”

சொல்லிவிட்டுத் தங்கமணி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். கிள்ளானில் அண்ணி உஷாராணியின் எண்ணெய்ச் சட்டி இரைவது அவளுடைய பிரிக்ஃபீல்ட்ஸ் ஃபிளாட்டுக்குள் கேட்டது.

“வரியா? நெசமாவா?”

“ஆமா.”

“ஐயோ, நாங்க இங்க இருக்கமாட்டோமே மணி! ரிஷியோட மாமியார் செமினியில புது வீடு வாங்கிட்டாங்க. எல்லாரும் அங்கதான் போறோம். நீதான் வரவே மாட்டியேன்னு…” சட்டியில் எதையோ திருப்பிப் போடும் சத்தம். “நீயும் வாயேன். சம்பந்தி வீடுதான், ஒண்ணும் நெனைக்கமாட்டாங்க.”

நினைக்கமாட்டார்கள் என்று சொல்ல வேண்டியிருக்கிறதே.

“அட, மறந்தே போய்ட்டேன் அண்ணி. அன்னிக்குச் செல்லுக்குச் சாப்பாடு குடுக்கணும்.”

“அதானே பார்த்தேன்!” அண்ணிக்கு மூச்சு வந்தது. “ஒன் புள்ளைங்க பட்டினி கெடந்தா நாங்க தாங்குவோமா லா? பலகாரத்த ரிஷிகிட்ட குடுத்து விடறேன். போற வழிதான். எப்பவும்போல ஒன் லேப் கேட்டு கார்ட் ஹவுஸ்ல வந்து வாங்கிக்க.”

காஜாங் பக்கத்து ஆய்வுக்கூடத்தில் முப்பது வருஷம். எலி மூளையிலிருந்து எடுத்த நரம்புச் செல்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, ஒன்று இன்னொன்றைத் தேடிக் கை நீட்டுவது எந்தப் புரதத்தால் என்று பார்ப்பதுதான் அவள் வேலை. செல்லுக்குப் பண்டிகை தெரியாது. சில நாளுக்கொரு முறை பழைய திரவத்தில் பாதியை உறிஞ்சிவிட்டுப் புதிதை ஊற்ற வேண்டும். முழுவதையும் எடுக்கக்கூடாது, அவை தங்களுக்கென்று அதில் கலந்து வைத்ததெல்லாம் போய்விடும், வாடிவிடும். முதல் சில தீபாவளிகளுக்கு அவள் உண்மையாகவே இதற்காகத்தான் தங்கினாள். பிறகு, “எப்பக் கல்யாணம்?” என்று கேட்டவர்களும், “எலி அறுக்கிற கை, மாவுப் பக்கம் வராதே” என்று சிரித்தவர்களும் சேர்ந்து அந்த உண்மையை வசதியான சாக்காக்கிவிட்டார்கள். கேள்விகள் நின்று வருஷங்களாகியும் சாக்கு மட்டும் நிற்கவில்லை.

இப்போது ஓய்வு பெறப் போகிறாள். கடைசித் தட்டின் செல்களை மருந்திட்டு அசையாமல் நிலைப்படுத்தி, சாயமேற்றிப் படமும் எடுத்தாயிற்று. அவளுடைய கடைசி மாணவி கை குலுக்கிவிட்டுச் சிங்கப்பூருக்குப் போய்விட்டாள். ஊட்டுவதற்கு ஒன்றுமில்லை. அந்தத் தைரியத்தில்தான் கிள்ளானுக்குப் போன் போட்டிருந்தாள்.

தீபாவளியன்று ஆய்வுக்கூடத்துக்கே போக வேண்டியதாயிற்று. பலகாரம் அங்கேதானே வருகிறது.

அண்ணன் மகன் ரிஷி காரை கார்ட் ஹவுஸ் ஓரமாக நிறுத்திவிட்டு, டப்பாவோடு இறங்கி வந்தான். முன் சீட்டிலிருந்து அவன் மனைவி கையசைத்தாள்.

“ஹேப்பி தீபாவளி அத்தை! சாப்பாடு குடுக்க எவ்ளோ நேரம் ஆகும்?”

“அரை மணி.”

“அவ்ளோதானா? நாள் பூரா ஆகும்னுல்ல அப்பா சொல்வாரு!” அவன் சிரித்தான். “போய் ஊட்டிட்டு வாங்க, வெயிட் பண்றோம். சேர்ந்தே செமினிக்குப் போயிடலாம்.”

“ஒன் மாமியார் வீட்டுல…”

“அவங்ககிட்ட நான் சொல்லிக்கறேன் லா. பின் சீட்டு காலிதான். போங்க அத்தை.”

மேலே ஒன்றுமில்லை, இப்பவே கிளம்பலாம். அதைச் சொன்னால், போன தீபாவளிகளெல்லாம் என்னவாகும்? “சரி” என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியேறினாள்.

வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டாள். கையைக் கழுவினாள். செல்களைச் சூட்டில் வைக்கும் வளர்ப்புப் பெட்டியை இன்னும் அணைக்க மனம் வரவில்லை. வெறும் தட்டடுக்குகளோடு முனகிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்து கையை உள்ளே நீட்டினாள். உடம்புச் சூடு. யாரோ பிடித்துக்கொண்டதுபோல் இருந்தது. உள்கண்ணாடியில் ஆவி படர்ந்தது.

ஜன்னலுக்கு வெளியே மழை பிடித்துக்கொண்டது. கார் போகவில்லை, சிக்னல் விளக்குகள் இரண்டும் மினுங்கிக்கொண்டிருந்தன. ரிஷி பின்கதவைத் திறந்துபோட்டு, சீட்டு நிறைய அடுக்கியிருந்த பலகாரத் தட்டுகளையும் பழக்கூடையையும் ஒவ்வொன்றாக, நனைந்துகொண்டே, காரின் பின்பெட்டிக்கு மாற்றிக்கொண்டிருந்தான்.