தொடையில் போட்ட கோடு

ஜெய்லானி பாய் காலை இழுத்து இழுத்துத் தெருவில் நடக்கும்போதெல்லாம் மாடத்திக்கு வயிறு எரியும். இழுத்தால் என்ன, நடக்கிறாரே.

இரண்டு பேருக்கும் தொடைச் சதையில்தான் புற்றுக்கட்டி வந்தது. பட்டாசுக் கம்பெனியில் மருந்து செலுத்துகிற அவள் புருஷன் ஆண்டிச்சாமிக்கும், சிவகாசி பஜாரில் காலண்டர் கடை வைத்திருக்கும் ஜெய்லானிக்கும் மதுரையில் ஒரே வாரத்தில் ஆபரேஷன்.

"கட்டிய எடுத்தாச்சு. கண்ணுக்குத் தெரியாதது சுத்துச் சதையில இருக்கலாம். அதப் பொசுக்கத்தான் இந்தக் கரண்ட், கதிர் வைக்கிறது. முப்பது நாளும் வரணும். கதிர் விழ வேண்டிய எடத்துக்குத்தான் தொடையில கோடு போட்டிருக்கு, அது அழியக் கூடாது" என்று இருவரிடமும் டாக்டர் சொன்னார்.

தினமும் ஒரே பஸ்ஸில் போனார்கள். ஜெய்லானியின் மனைவி சித்திகா, "இவுகளுக்குப் புண்ணு பூ மாதிரி ஆறிருச்சுக்கா. கோடும் அப்படியே இருக்குன்னு நர்ஸம்மா சொன்னாக" என்பாள். அந்த 'அப்படியே' மாடத்தியின் நெஞ்சில் தைக்கும்.

பன்னிரண்டாம் நாள் சனிக்கிழமை. கம்பெனியிலிருந்து வரும் புருஷனுக்கு எண்ணெய் வைத்து, உடம்பில் ஒட்டிய மருந்துத்தூள் போகச் சீயக்காய் தேய்த்து இருபது வருஷம் பழகிய கை. அன்றும் தன்பாட்டில் தேய்த்துவிட்டது.

"ஏ புள்ள, கோட்டக் காணோமே! கம்பெனி சில்வர் பவுடருன்னு நெனச்சிட்டியாக்கும்" என்று ஆண்டிச்சாமி சிரித்தார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நர்ஸ் ஏசுவாள். சித்திகா பக்கத்தில் நின்று கேட்பாள்.

"நாளைக்குப் போவோம்" என்றாள் திங்கட்கிழமை. செவ்வாயும் அதையே சொன்னாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த போனை எடுக்கவில்லை. தீபாவளி சீசன், கம்பெனி வேன் தெருமுனையில் ஆரன் அடித்தது. "அதான் கட்டிய எடுத்தாச்சுல்ல" என்று ஆண்டிச்சாமி ஏறிக்கொண்டார். அவள் தடுக்கவில்லை. கரண்ட் அதோடு நின்றது.

பங்குனியில் கட்டி திரும்பி வந்தது. பிறகு நுரையீரலுக்கும் போனது. ஆடியில் அவர் இல்லை.

காரியம் முடிந்து சித்திகா பார்க்க வந்தாள். மாடத்தி அதுவரை யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னாள். "நான் தேச்சதுல கோடு அழிஞ்சிருச்சு. ஒன் முன்னாடி ஏச்சு வாங்கக் கூடாதுன்னுதான் கூட்டிட்டு வரல."

சித்திகா தலையைக் குனிந்துகொண்டாள். "அக்கா, இவுகளுக்கும் அழிஞ்சிச்சு. நீங்க வராத அந்த வெள்ளிக்கிழம, ஜும்மாவுக்குக் குளிச்சதுல. நர்ஸம்மா எங்கள நார் நாராக் கிழிச்சாக. பெறகு எடத்தச் சரிபாத்து வேற கோடு போட்டு உள்ள கூட்டிட்டுப் போனாக. பத்து நிமிசந்தான்."

வெளியே ஜெய்லானி பாய் காலை மாற்றி ஊன்றும் சத்தம் கேட்டது. மாடத்தி சித்திகாவையே பார்த்தாள். தான் பயந்து ஒளிந்த அந்த ஏச்சையும் இவளே வாங்கியிருக்கிறாள். அன்றைக்கு மாடத்திக்கு அதற்கும் சேர்த்து வயிறு எரிந்தது.