ஒட்டகத்தின் சாவி

காலையில் மெஷின்கள் ஓடத் தொடங்கியதும் சூப்பர்வைசர் செய்யும் முதல் வேலை, கழுத்தில் நாடாவில் தொங்கும் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொள்வது. பணப் பெட்டிச் சாவி என்று நினைத்துவிட வேண்டாம், கழிவறைச் சாவி. அந்தச் சட்டைக் கம்பெனியின் தையல் கூடத்தில் காலர் தைப்பவர்கள், கை தைப்பவர்கள், பட்டன் வைப்பவர்கள் என்று அத்தனை பெண்களுக்கும் ஒரே கழிவறை, ஒரே பூட்டு, ஒரே சாவி. போக வேண்டியவள் மெஷினை நிறுத்திவிட்டு, இஸ்திரி போடும் ஆண்களின் மேசையைத் தாண்டி வந்து, சூப்பர்வைசர் முன்னால் கையை நீட்ட வேண்டும்.

"இப்பதானே போன?" என்பாள் சூப்பர்வைசர். மெஷின் சத்தத்தோடு போட்டி போட்டுப் பேசிப் பழகியவளுக்குக் குரலை இறக்கத் தெரியாது. இஸ்திரிக்காரர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். கேட்டவள் கூனிக் குறுகிப் போவாள். மறுநாள் அவள் சாவி கேட்க மாட்டாள். கேட்காமல் இருக்க ஒரே வழி, தண்ணீர் குடிக்காமல் இருப்பது. பெண்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீர் பாட்டில்கள் மாலையில் நிறைந்தபடியே வீடு திரும்பின.

இந்த வித்தையில் முதல் பரிசு சூப்பர்வைசருக்குத்தான். வேலைக்கு வந்துவிட்டால் ஒரு மிடறு குடிக்க மாட்டாள், ஒரு தடவை எழுந்து போக மாட்டாள். அதனால் அவளுக்கு 'ஒட்டகம்' என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். காதுக்கு எட்டியபோது அவள் கோபப்படவில்லை, மெடல் குத்தியதுபோல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டாள். புதிதாகச் சேரும் பெண்களிடம், "நானும் பொம்பளதான். என்னால முடியுது இல்ல?" என்று கேட்பாள். அவள் பொல்லாதவள் இல்லை. யார் வீட்டிலாவது துக்கம் என்றால் முதல் ஆளாகப் போய் நிற்பாள். தான் தாங்கிக்கொண்டதை எல்லாரும் தாங்கிக்கொள்ள வேண்டும் என்று நினைத்தாள், அவ்வளவுதான். இப்படி நினைக்கும் நல்லவர்களால் வரும் தொல்லை கொஞ்சநஞ்சம் இல்லை.

முன்பு அந்தக் கதவு திறந்துதான் கிடந்தது. ஆனால் உள்ளே குப்பைத்தொட்டி கிடையாது. மாதவிலக்கு நாட்களில் பெண்கள் பயன்படுத்திய துணியை எங்கே போடுவார்கள்? குழிக்குள்தான் போட்டார்கள். குழாய் அடைத்துக்கொண்டு கூடமே நாறியது. மேனேஜர் தொட்டி வாங்கியிருக்கலாம். பூட்டு வாங்கினார். ஒவ்வொருத்தியையும் காரணம் கேட்டு அனுப்பு என்று சாவியை ஒட்டகத்திடம் கொடுத்தார்.

அதற்குப் பிறகு கூடத்தில் ஒரு சொல் அடிக்கடி காதில் விழத் தொடங்கியது. சூடு. நீர் பிரியும்போது எரிந்தால் சூடு. அடிவயிறு சுண்டி இழுத்தால் சூடு. விலாவில் வலித்துக் குளிரோடு காய்ச்சல் அடித்தாலும் சூடுதான். சூட்டுக்குப் போய் யாராவது டாக்டரைப் பார்ப்பார்களா? குளிர்ச்சியாக எதையாவது குடித்துவிட்டுப் படுத்தால் போய்விடும் என்று ஒருத்திக்கு ஒருத்தி தைரியம் சொல்லிக்கொண்டார்கள். நோய்க்கு வீட்டுப் பெயர் வைத்துவிட்டால் அது வீட்டுப் பிள்ளை மாதிரி ஆகிவிடுகிறது. அப்புறம் யாரும் அதைச் சந்தேகப்படுவதில்லை.

அந்தக் கூடத்தில் கை தைத்துக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி ஒட்டகத்தின் தம்பி மனைவி. மாசமாக இருந்தாள். இதற்கு முன் ஒரு தடவை தங்கி, நிற்காமல் போய்விட்டது. அதனால் இந்தப் பிள்ளையை வீடே பொத்திப் பொத்திக் காத்தது. ஒட்டகம் வெட்டி மிஞ்சிய துணியில் இப்போதே உள்ளங்கை அகலத்துக்குச் சட்டைகள் தைத்து அடுக்கியிருந்தாள். ஆனால் கம்பெனி வாசலை மிதித்துவிட்டால் உறவு கிடையாது. "அண்ணியெல்லாம் வீட்டோட. இங்க மேடம்" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். சொந்தக்காரிக்குச் சலுகை காட்டுகிறாள் என்று யாரும் பேசிவிடக் கூடாது என்ற கவலை அவளுக்கு.

தம்பி மனைவி அந்தக் கவலையை நன்றாகப் புரிந்துகொண்டாள். வயிறு பெரிதாகப் பெரிதாக அடிக்கடி போக வேண்டியிருந்தது. அடிக்கடி சாவி கேட்டால் அண்ணியின் பெயர் கெடும். அதனால் தண்ணீரைக் குறைத்தாள், பிறகு அடியோடு நிறுத்தினாள். எரிச்சல் தொடங்கியபோது, சுகாதார நிலையத்துக்குப் போய்வர அரை நாள் விடுப்பு கேட்டாள். அந்த நிலையம் மதியத்தோடு மூடிவிடும். கம்பெனி விடுவது மாலையில். அதனாலேயே மாதப் பரிசோதனைக்குக்கூட அவள் ஒழுங்காகப் போனதில்லை.

"சூட்டுக்கெல்லாம் லீவு குடுத்தா, நாளைக்குக் கூடத்துல நான் மட்டும்தான் உக்காந்து தைக்கணும்" என்றாள் ஒட்டகம். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தம்பி மனைவியும் சேர்ந்து சிரித்துவிட்டு மெஷினுக்குத் திரும்பினாள்.

அந்த வாரமே ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் மெஷின் நின்றுவிட்டது. நூல் அறுந்ததோ என்று பார்க்க வந்த ஒட்டகம், அவள் பல் கிட்ட நடுங்குவதைக் கண்டாள். தொட்டால் உடம்பு கொதித்தது. வயிறு கல்லாட்டம் இறுகி இறுகி விடுகிறது என்றாள் அவள். வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அங்கே நர்ஸ் ஒரு சின்ன டப்பாவைக் கையில் கொடுத்து, சிறுநீர் பிடித்து வரச் சொன்னாள். அறையை ஒட்டியே கழிவறை இருந்தது. கதவு திறந்திருந்தது, விளக்குகூட எரிந்துகொண்டிருந்தது. தம்பி மனைவி கட்டிலை விட்டு இறங்கி இரண்டடி வைத்தாள், நின்றாள். காய்ச்சலில் கண் செருகியிருந்தது. ஒட்டகத்தின் பக்கம் திரும்பிக் கையை நீட்டினாள்.

"மேடம், சாவி."

நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. திறந்துதான் இருக்கிறது, போம்மா என்றாள். அவள் போகவில்லை. நீட்டிய கையை நீட்டியபடியே, "இப்பப் போகல மேடம். காலையிலேர்ந்து போகவே இல்ல" என்றாள்.

ஒட்டகம் அவளை இறுகப் பிடித்துக் கதவு வரை நடத்திக்கொண்டு போனாள். கழுத்துச் சாவி இருவருக்கும் நடுவில் மாட்டி நெஞ்சில் குத்தியது. அதைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். அண்ணி என்ற சொல்லையே இந்தப் பெண்ணின் வாயிலிருந்து பிடுங்கிவிட்டோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. சிறுநீரில் கிருமி, அது சிறுநீரகம் வரை ஏறிவிட்டது, அதனால்தான் காலத்துக்கு முன்பே வலி எடுக்கப் பார்க்கிறது என்றார். மருந்து ஏற்றியிருக்கிறோம், வலி நின்றால் பிள்ளை தங்கும், நிற்காவிட்டால் இப்போது பிறக்கும் பிள்ளை பிழைப்பது கஷ்டம் என்றார். சூடு என்று நினைத்தோம் என்று ஒட்டகம் மெதுவாகச் சொன்னாள். டாக்டர் திட்டவில்லை. தினமும் பத்துப் பேராவது இதையே சொல்கிறார்கள் என்றார். தண்ணீர் போதாமல், அடக்கி அடக்கி வைத்தால் கிருமி தங்கிவிடும், வந்த அன்றே பார்த்திருந்தால் மாத்திரையோடு போயிருக்கும் என்றும் சொன்னார்.

ஒட்டகம் அந்தத் திறந்த கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். அவளுக்கும் எரிந்தது. வருஷக்கணக்காக எரிந்துகொண்டுதான் இருந்தது. மெடல் என்று நெஞ்சில் குத்திக்கொண்டது இதைத்தானா என்று நினைத்தபோது அழுகை வந்தது. அழுது முடித்து முகம் கழுவிவிட்டு வெளியே வந்து நர்ஸிடம், "எனக்கும் ஒரு டப்பா குடும்மா" என்றாள்.

வலி நின்றது. பிள்ளை தங்கியது. இரண்டு நாள் கழித்துத் தம்பி மனைவி எழுந்து உட்கார்ந்து, முதல் வார்த்தையாக, "அண்ணி, தண்ணி" என்றாள். ஒட்டகம் கூஜாவையே தூக்கிக் கொடுத்தாள்.

அடுத்து அவள் போனது மேனேஜர் அறைக்கு. சாவியை மேசைமேல் வைத்தாள். இனி இது என்னிடம் இருக்காது, பூட்டை எடுத்துவிடுங்கள், உள்ளே மூடி போட்ட தொட்டி வையுங்கள் என்றாள். குழாய் மறுபடி அடைத்தால் யார் பொறுப்பு என்று மேனேஜர் மிடுக்காகக் கேட்டார்.

"சரி சார், பூட்டு இருக்கட்டும். சாவிய நீங்க வச்சுக்குங்க. வர்ற ஒவ்வொருத்தியையும் நீங்களே காரணம் கேட்டு அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

வெளியே வந்தவள் சும்மா இருக்கவில்லை. கூடத்தில் வரிசை வரிசையாகப் போய், எல்லாரும் பாட்டிலைத் திறந்து குடியுங்கள் என்றாள். தானும் நின்றபடி ஒரு பாட்டிலைக் காலி செய்தாள். பெண்கள் முதலில் நம்பவில்லை. பிறகு விஷயம் புரிந்ததும் சிரித்துக்கொண்டே குடித்தார்கள். கொஞ்ச நேரத்தில் மேனேஜர் அறைக் கதவு தட்டப்பட்டது. காலர் தைப்பவள் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். காரணம் கேட்டார் மேனேஜர். அவள் சொன்னாள், கூடத்துக்கே கேட்கும்படி சொன்னாள். அவர் காது சிவந்துவிட்டது. அடுத்தவள் வந்தாள், அதற்கடுத்தவள் வந்தாள். சட்டை வாங்க வந்திருந்த வியாபாரியோடு அவர் பேசிக்கொண்டிருந்தபோது பட்டன் வைப்பவர்கள் கூட்டமாகவே வந்தார்கள். அதற்கு மேல் அவர் காரணம் கேட்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு முன்பே ஆள் அனுப்பிப் பூட்டைக் கழற்றினார். சாயங்காலம் தொட்டி வந்தது.

குழாய் மறுபடி அடைக்கவில்லை. ஒட்டகம் அதோடு விடவும் இல்லை. சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பேசினாள். வேலைக்குப் போகிற பெண்களுக்கு மதியத்தோடு மூடுகிற ஆஸ்பத்திரியால் என்ன பயன் என்று பக்குவமாகத்தான் கேட்டாள், ஆனால் அவள் குரல்தான் உங்களுக்குத் தெரியுமே. வாரத்தில் ஒரு மாலை நிலையத்தைத் திறந்துவைக்க ஒப்புக்கொண்டார்கள். முதல் மாலை போய் நின்றவர்களில் பாதிப் பேர் 'சூட்டுக்காரர்கள்'. எல்லாருக்கும் மாத்திரை கிடைத்தது.

ஒரு மாதம் கழித்துப் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒன்றுமில்லை மேடம், சூடுதான் என்றாள். மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒட்டகம் குரலை உயர்த்தினாள். இந்தத் தடவை எல்லாரும் கேட்க வேண்டும் என்றே உயர்த்தினாள்.

"அந்தப் பேரை இனிமே இங்க யாரும் சொல்லாதீங்க. சூடு நம்ம ஒடம்புல இல்லடி, கதவுல தொங்கின பூட்டுல இருந்துச்சு. நாம குடிக்காம விட்ட தண்ணியில இருந்துச்சு. போறதுக்குள்ள மூடுற ஆஸ்பத்திரியில இருந்துச்சு. அதையெல்லாம் சரி பண்ணாம, தாங்கிக்க தாங்கிக்கன்னு நான் உங்களுக்குச் சொல்லிக் குடுத்தேன் பாரு, அதுதான் பெரிய நோய். கூச்சப்பட்டு அடக்கி வைக்காதீங்க. எரிஞ்சா அன்னிக்கே டாக்டரப் பாருங்க. வழியில எவன் பூட்டு போட்டாலும் எல்லாரும் சேர்ந்து போய்க் கேளுங்க."

சொல்லிவிட்டுத் தன் பாட்டிலை எடுத்து அந்தப் பெண்ணிடம் நீட்டினாள். அவள் தயங்கியபடி, நீங்கள் தண்ணீரே குடிக்க மாட்டீர்கள், அதனால்தான் உங்களுக்கு அந்தப் பெயர் என்று சொன்னார்களே என்று இழுத்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் மெஷினை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஒட்டகம் தண்ணி குடிக்காதுன்னு எவ சொன்னது?" என்றாள் அவள். "கெடைச்ச எடத்துல குடம் குடமாக் குடிக்கும். குடிடி."