பாறை ஒன்றா, இரண்டா

அவள் கணவரின் அடக்கம் முடிந்து வந்தவர்கள் கூடத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு, துண்டைக்கூடத் தேடாமல், ஈரக்கையோடு உள்ளறையில் கணினி முன் போய் உட்கார்ந்தாள். மகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அம்மா, இன்னைக்குமா? ஆபீஸ்ல வேற யாரும் பாக்க மாட்டாங்களா?"

"உங்கப்பா தப்பை இன்னொருத்தர் திருத்துறதா? அப்புறம் நான் எதுக்கு இருக்கேன்?"

அவர் படகில் போய்க் கடலின் ஆழத்தை அளந்து வருவார். படகு போன தடங்களில் உள்ள பிழைகளைக் கரையில் கணினி முன் உட்கார்ந்து அவள் சரிசெய்வாள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே இதுதான் ஏற்பாடு. சண்டையும் அப்போதிருந்தே உண்டு, ஜெயிப்பது எப்போதும் அவள்தான். கடைசியாக அளந்தபோது, துறைமுகத்துக்குக் கப்பல் வரும் வழியில் இரண்டு பாறைகள் இருப்பதாகச் சொன்னார். போகும்போது ஒன்று, திரும்பும்போது சற்றுத் தள்ளி இன்னொன்று. ஒரே பாறைதான் இடம் மாறித் தெரிகிறது என்றாள் அவள். ஆஸ்பத்திரியில் மூச்சு வாங்கிய நிலையிலும் மனுஷர் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார். அவளும் விடாமல் ஒரு விரலைக் காட்டினாள். நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்த வழக்கு தீராமலே அவர் போய்விட்டார். இந்த ஒரு தடவையாவது அவர் ஜெயிக்கட்டும் என்று அவளுக்கு உண்மையாகவே ஆசையாக இருந்தது.

"தம்பி, இங்க கொஞ்சம் வா."

அவரோடு பாதி ஆயுளைக் கடலில் கழித்த படகோட்டி, காபிக் குவளையோடு எழுந்து வந்தான்.

"ஆன்டெனாவுக்கும் சோனாருக்கும் நடுவுல டேப் வச்சு அளந்தாரே, எந்தப் பக்கம் பாத்து நின்னாரு?"

"பின்பக்கம்தான்க்கா. என்கிட்ட கதை பேசிக்கிட்டே அளந்தாரு."

"அதானே! வலதை இடதுன்னு எழுதி வச்சிருக்காரு மகராசன்."

மகளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. படகு இருக்கும் இடத்தைச் சொல்வது ஆன்டெனா, ஆழத்தைச் சொல்வது சோனார்; இரண்டுக்கும் நடுவே பக்கம் மாறியதால் போன தடம் ஒரு புறமும் வந்த தடம் மறுபுறமும் விலகியிருந்தன. அவள் அதை மாற்றினாள். திரையில் இரண்டு புள்ளிகளும் நெருங்கி வந்தன. ஆனாலும் ஒட்டவில்லை. இத்தோடு நிறுத்தினால் அவர் ஜெயித்துவிடுவார்.

இன்னொரு வேலை பாக்கி இருந்தது. பொழுது ஏற ஏற, இடம் காட்டும் கருவி படகு இருந்த இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக் காட்டியிருந்தது. அதைக் கண்டுபிடிக்கத்தான் எல்லாத் தடங்களையும் வெட்டிக்கொண்டு குறுக்கே ஒரு தடம் ஓட்டுவார்கள். கை தயங்கியது. ஆனால் அது கப்பல் வரும் வழி. போதாக்குறைக்கு, கள்ள ஆட்டத்தில் ஜெயித்தால் அவருக்கே பிடிக்காது. குறுக்குத் தடத்தோடு ஒப்பிட்டு மற்ற தடங்களை இழுத்தாள். புள்ளிகள் நகர்ந்து ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தன.

"பாத்தீங்களா? ஒண்ணுதான்!" என்று பழக்க தோஷத்தில் கூடத்தைப் பார்த்துக் கத்திவிட்டாள்.

கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மகள் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். இந்நேரம் அவரிடமிருந்து பதில் வந்திருக்க வேண்டும்.

படகோட்டி குவளையைக் கீழே வைத்தான். செருமிக்கொண்டு, படகு ரேடியோவில் இத்தனை வருஷம் அவர் அவளிடம் கத்திய அதே தொனியில் சொன்னான்.

"ஒத்துக்க முடியாது! மறுபடி பாரு!"

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, முதல் தடத்தை மறுபடி திறந்தாள்.